எண்ணெயில் என்ன கலந்தீங்க?

தப்பு யார்மேல் என்று பார்க்குமுன் ஆராய்ச்சிக்காரன் போனை எடுத்தான். அங்கேதான் கெட்டது குடி.

அவனுடைய அக்கா வீட்டுக்காரர் எண்ணெய் ஆலை வைத்திருந்தார். அவர் ஆட்டித் தரும் சூரியகாந்தி எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலத்தைப் பிரித்து, பெட்ரோலியச் சரக்குக்குப் பதிலாக அதில் நானோ படிகம் வளர்ப்பது இவன் வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடிசுகள் ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர வேண்டும். அன்று குடுவையில் வந்ததோ பழுப்புச் சேறு.

“எண்ணெயில என்ன அத்தான் கலந்தீங்க?” என்றான். ஆலையில் ஆட்கள் சுற்றி நிற்க, அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“நான் கலப்பனா மாப்ள?” என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் கம்பெனியில் வாங்கிய சுத்தமான அமிலத்தை ஊற்றிப் பார்த்தான். அதே சேறு. அப்புறம்தான் நம் ஆராய்ச்சித் துரைக்குக் குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பின் ரப்பர் குழாயைத் தடவிப் பார்க்கத் தோன்றியது. நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. குடுவைக்குள் காற்று புகுந்து படிகத்தைக் கெடுத்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அவனுக்குக் காது மடல் சுட்டது. போனை இரண்டு தடவை எடுத்தான், வைத்தான்.

சாயங்காலம் ஆலைக்கே போனான். எந்திரம் ஓடவில்லை. வாசலில் அத்தான் வண்டியிலிருந்து பாட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் பாதி தீர்ந்தவை.

“பதினேழு வீடு ஆச்சு மாப்ள. எண்ணெய் சரியில்லன்னு சொல்லித் திருப்பி வாங்கிட்டேன். எங்க தப்பு நடந்துச்சுன்னுதான் தெரியல. படிச்சவன் நீ, சும்மா சொல்வியா?”

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

“எண்ணெய் நல்ல எண்ணெய்தான் அத்தான். என் குழாய்தான் ஓட்டை. பாக்காம சொல்லிட்டேன்.”

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு பாட்டில்களைத் திரும்ப வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

“நீயும் ஏறு. ஒவ்வொரு வீட்லயும் நீயே சொல்லு.”

முதல் வீட்டு அம்மாள் அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். பாட்டிலை மட்டும் வாங்கவில்லை.

“காலையில இவரே கெட்டதுன்னார். இப்ப மச்சினன் வந்து நல்லதுங்கிறீங்க. சொந்தக்காரர்னா அப்படித்தானே சொல்வீங்க?”

கதவைச் சாத்தினாள். அத்தான் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.