ஒரே பக்கத்து இரண்டு வால்வுகள்

"ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க, அந்த ஆம்ப்ளிஃபயரை நான் திறக்கறேன்" என்று அந்த வீட்டின் இளைய மகள் கேட்டாள். அதை மட்டும் கேட்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது, அப்பா சொன்ன பதில் விழவில்லை. அந்த வீட்டில் சில வருஷங்களாகவே யார் எதைக் கேட்டாலும் காதில் விழும், அதற்கு வரும் பதில் விழாது. உதடு அசையும், அவ்வளவுதான்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. வாசல் அறையில் அப்பாவும் அண்ணனும் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்தார்கள். ஒரு கிட்டார்க்காரர் தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கொண்டுவந்தார். முழுக்கத் திருகினால்தான் அதில் உறுமல் வருகிறது, திருகினால் மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், பவரைப் பாதியாக்கித் தாருங்கள் என்றார். அதன் கடைசிக் கட்டத்தில் நான்கு வால்வுகள், பல்பு மாதிரிக் கண்ணாடிக் குழல்கள். இரண்டு சத்தத்தைத் தள்ளும், இரண்டு இழுக்கும். பக்கத்துக்கு ஒன்றாகப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயரையும் டிரான்ஸ்ஃபார்மரில் இடம் மாற்றிப் போட வேண்டும். அண்ணனோ கைக்கு எட்டியது என்று இடது ஓரத்து இரண்டையும் பிடுங்கினான். இரண்டுமே இழுக்கிற வால்வுகள். ஸ்விட்சைப் போட்டதும் கிட்டார் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. "என்ன ஆச்சு?" என்று கேட்ட அம்மாவுக்கு யார் பதிலும் கேட்கவில்லை. பெட்டியைப் போலவே வீட்டிலும் தள்ளுகிற பாதியான கேள்வி மட்டும் மிச்சம், இழுக்கிற பாதியான பதில் போய்விட்டது. கிட்டார்க்காரர் பெட்டியை விட்டுவிட்டே போய்விட்டார். அணைத்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அண்ணன் அதை அணைக்கவேயில்லை.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள் என்பதுதான் எரிச்சல். அண்ணிக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்றால், பதில் காதில் விழுகிற தெருவுக்கு அண்ணனை இழுத்துப்போய்க் கேட்டாள். மழை என்றால் குடையோடு. அம்மா "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டே இருந்ததில் அப்பாவுக்குத் தொப்பை விழுந்தது. அண்ணன் கெட்டிக்காரன். கேள்வியாகவே பேசப் பழகிக்கொண்டான்.

இளையவள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், குடும்பத்தின் முதல் டிகிரி. பட்டத்தைச் சட்டம் போட்டு வாசல் அறையில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். அதற்குக் கீழேயே அவளை டார்ச் பிடிக்க வைத்தார்கள். யாரும் கேட்காதபோது சொன்னால் காதில் விழும் என்பதால் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள்: "அண்ணா, ரெண்டையும் ஒரே பக்கத்துல புடுங்கிட்டே. மிச்சத்துல ஒண்ண எடுத்து அந்தப் பக்கம் சொருகினா போதும்."

"படிச்ச திமிரா? சால்டரிங் புடிச்சுக் கை காச்சுப்போனவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"

அவள் நறுக்கென்று நாலு வார்த்தை பதில் சொன்னாள். வீண்.

அதனால்தான் ஸ்க்ரூடிரைவரையே கேட்டது. அப்பாவின் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்தாள்.

"இப்ப சொல்லுங்கப்பா."

"வேணாம்மா. நீ தொட்டு அது சரியாயிட்டா அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுப்பான்?"

"அப்ப சரியாகும்னு உங்களுக்குத் தெரியும்."

"மொத நாளே தெரியும்."

அவள் அப்பாவின் கையை விட்டாள்.

"பழகிடுச்சுல்ல" என்றார் அப்பா. "நீ பாட்டுக்கு டார்ச்சப் புடி. உனக்கு இங்க என்ன கொறை?"

ஊரின் மறுகோடியில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் அம்மாள் ஒருத்தி அவளுக்கென்று ஒரு மேசை ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தாள். வருகிறேன் என்று இவள் போன வாரமே சொல்லியாயிற்று. அப்பா "சரி, திற" என்றிருந்தால் மட்டும் வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பாள்.

உள்ளே போய்த் தன் மீட்டரையும் சால்டரிங் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டாள். பட்டம் அவர்களுக்கு வேண்டியிருக்கும், விட்டுவிட்டாள். பெட்டிக்குள் வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருந்தன. ஒன்றை மாற்றிச் சொருக அதிக நேரம் ஆகாது. கை வைக்கவில்லை.

"எங்க கெளம்பிட்டே?" என்றான் அண்ணன். "எப்ப வருவே?" என்றாள் அம்மா. இரண்டுக்கும் ஒளிக்காமல், முழுசாகப் பதில் சொன்னாள். அவள் உதடு அசைந்து முடியும்வரை பார்த்திருந்துவிட்டு அவர்கள் தலையாட்டினார்கள். தெருவுக்கு வந்து கேட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அவளும் நிற்கவில்லை.