பத்தடி ரோல்

வெள்ளகோவிலில் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை ஃப்ளெக்ஸ் அடிப்பது என் கடையில்தான். எழுத்துப்பிழைகளும் என்னுடையவை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, திரையில் என் அப்பா நஞ்சுண்டன் ராணுவ உடுப்பில் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். சுதந்திர தினத்துக்கு வருஷா வருஷம் தெருமுனையில் கட்டுவது. தலைமுடியை மட்டும் நான் கொஞ்சம் சேர்ப்பேன்.

அப்போதுதான் இலங்கை அகதி முகாமிலிருந்து பொற்கொடி அக்கா வந்தார். இறந்தவர்களுக்கு மறுநாள் காலை விளக்கேற்ற வேண்டுமாம். தாளில் ‘வல்வெட்டித்துறை, 2-8-1989’ என்று எழுதி, கீழே ஒன்பது பெயர், வயது. கடைசிப் பெயருக்கு எட்டு மாதம்.

“‘போரில் உயிர்நீத்த’ன்னு போட்டர்லாங்களா அக்கா?” என்றேன். முகாம் பேனர் என்றால் போலீஸ் கடைக்கே வந்து கேள்வி கேட்கும்.

“என்ர அம்மா போர் செய்யேல்ல தம்பி. கட்டிலுக்குக் கீழ கிடந்தவ. முப்பத்தாறு வருசமா அப்பிடித்தான் போடுறம். இந்தமுறை இந்திய ஆமி சுட்டதெண்டு போடுங்கோ.”

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு, மூலையில் வேறொரு பேனருக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்த அப்பாவை.

“ஐயா அங்க வந்தவரே?”

“வந்தனுங்க அம்மணி, அமைதிப்படைல. திருகோணமலைல. துப்பாக்கியே தொடலீங்க. சமையலு. சப்பாத்தி போட்டதோட செரி.” ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும் கதைதான். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆருக்கு?” கோபமில்லாமல், காய் விலை விசாரிப்பதுபோலக் கேட்டார் அக்கா.

அப்பா கையிலிருந்த இரும்பு வளையத்தைப் பேனர் ஓட்டையில் மாட்டி முடித்தார்.

“கண்ணு, அந்தம்மணி சொன்னதையே போடு.”

போட்டேன். பத்தடி அகல ரோலில் ஒரு வேலையை மட்டும் அடித்தால் பாதி வீண் என்று, இரண்டு டிசைன்களை ஒட்டிவைத்து அடிப்பது என் கஞ்சப் பழக்கம். நடுவில் அப்பா கத்தி போட்டுப் பிரித்துத் தருவார். அன்றும் யோசிக்காமல், கை அதையே செய்துபோட்டது.

மெஷினிலிருந்து இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இடப்பக்கம் ஒன்பது பெயர், சுட்டது யார் என்ற வரி. ஒட்டினாற்போல வலப்பக்கம், அந்தப் பெயர்களைப் பார்த்துச் சல்யூட் அடித்தபடி அப்பா.

அக்கா அருகில் வந்து நின்றார். அப்பா கத்தியோடு முட்டிபோட்டுக் குனிந்தார். கத்தி ஓர் அங்குலம் போய் நின்றது.

“வெட்டுங்கப்பா.”

அவர் வெட்டவில்லை. அக்காவும் வெட்டச் சொல்லவில்லை. ஃபேன் காற்றில், மை காயாத ஃப்ளெக்ஸ் மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது, பெயர்களும் நெற்றியில் வைத்த அந்தக் கையும் சேர்ந்தே.