கோயிலுக்குப் போகும் வழியில்

"இந்த வரியை எடுங்கோ," என்று சுஜாந்தி கணினித் திரையில் விரலை வைத்தாள்.

'முக்திநாத் புனித யாத்திரையின்போது இறைவனடி சேர்ந்தார்' என்பது அந்த வரி. பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் இருந்த அந்தச் சின்ன அச்சுக்கடையின் முதலாளி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற றமேஸ் மாமாவைப் பார்த்தார். மரண அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் மாமாதான்.

"அது கிடக்கட்டும் பிள்ளை," என்றார் மாமா. "நாளைக்குச் சனம் கேக்கும். இருபத்தைஞ்சு வயசுப் பெட்டை, கலியாணம் கட்டேல்லை, நேபாளத்திலை என்ன செய்தவள் எண்டு. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருப்பினமோ?"

"அக்கா யாத்திரை போகேல்லை மாமா. மலை ஏறப் போனவ."

"மலையிலை கோயில் இருக்குத்தானே?"

இருந்தது. அதுதான் இப்போது பிரச்சினையே. சுஜாந்தி திரையிலிருந்து விரலை எடுத்தாள். முதலாளி வேகமாக அச்சு விசையைத் தட்டினார். சேலை கட்டி, யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு நின்ற அக்கா ஆரணி, தாள் தாளாக வெளியே வரத் தொடங்கினாள். அந்தி சாய்வதற்குள் ரூ காய் தெருக் கடைக் கண்ணாடிகளில், விமான ரிக்கற் விளம்பரங்களுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் அவள் ஒட்டப்பட்டிருப்பாள். லா சப்பலில் ஒரு தமிழர் செத்தால் அப்படித்தான் சாவு உறுதியாகும்.

மாதக்கணக்கில் முதுகுப்பையோடு நேபாளத்தைச் சுற்றப் போகிறேன் என்று ஆரணி சொன்ன நாளில் வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அம்மா ரதிதேவிக்குப் பை தூக்கி நடப்பது என்றால் இடப்பெயர்வு. வன்னியில் சண்டை நேரம் பையும் பிள்ளைகளுமாக ஊர் ஊராக நடந்து, கடைசியில் அப்பாவின் உடலை ஒரு வேலியோரம் மூடவும் நேரமில்லாமல் விட்டுவிட்டு நடந்தவள் அவள். அந்த நடையில் சுஜாந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஆரணிதான். அவளே இப்போது காசு கொடுத்து, பையும் வாங்கி, நடக்கப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கு விளங்கும்?

"அப்ப கலைச்சாங்கள், நடந்தம்," என்றாள் ஆரணி. "இப்ப ஒருத்தரும் கலைக்காமல் நடந்து பாக்கப்போறன் அம்மா."

போய்விட்டாள். அங்கிருந்து அவள் பேசும்போதெல்லாம் காற்றும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. காட்டோரத்து ஊரொன்றில் காண்டாமிருகம் எங்கள் ஊர் மாடு போல றோட்டால் போகிறதாம், கடைக்காரர் எழும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கோயில் மணியை அடித்துவிட்டுத் திரும்பினால் குரங்கு செருப்பைக் கொண்டுபோய்விட்டதாம். மலைச்சரிவில் ஆடுகள் கல்லோடு கல்லாக நின்று, அசைந்தால்தான் ஆடு என்று தெரிகிறதாம். சுஜாந்தி அவளை அப்படிச் சந்தோசமாக அதற்கு முன்பு கண்டதில்லை. கூட நடந்த யோன் என்ற பிரெஞ்சுப் பெடியனின் படங்களையும் ஆரணி தங்கைக்கு அனுப்பினாள்.

அம்மாவுக்கோ வேறு கவலை. கடைத்தெருவில் நாலு பேர் "மூத்தவளைக் காணேல்லை" என்று கேட்டபோது, "கோயில்களுக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டாள். பொய்யைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்குச் சோறும் போட வேண்டும். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பக்தியான பிள்ளையா என்று ஊர் வியந்தது. வியப்பு சுவிஸ் வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறோம் என்றது. அம்மா உடனே மலைக்குப் போன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் முக்திநாத் கோயில் வாசலில் நின்று, பொட்டு வைத்து, தலையை இழுத்துக் கட்டி ஒரு படம் அனுப்ப வேண்டும் என்றாள்.

அதற்கு அடுத்து நடந்தது சுஜாந்திக்கு மட்டும் தெரியும். கோயிலுக்கு முந்திய உயர்ந்த மலைக்கணவாயின் அடியிலிருந்த தங்குமனையிலிருந்து ஆரணி அவளை அழைத்தாள்.

"சுஜி, தலை வெடிக்குதடி. ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டன். இது உயரம் ஒத்துக்கொள்ளாத வருத்தம், கீழை இறங்குவம் எண்டு யோன் ஒற்றைக்காலிலை நிக்கிறான். இறங்கினால் ஞாயிற்றுக்கிழமைக்குப் படமில்லை. அம்மா மூஞ்சையைத் தூக்குவா. கணவாயைத் தாண்டினால் அங்காலை கோயில்தானே."

"இறங்கு அக்கா. படம் கிடக்கட்டும், நீ இறங்கு."

அவள் கேட்டாளோ இல்லையோ, தொடர்பு அறுந்துவிட்டது. சுஜாந்தி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பேருந்தில் எடுத்தாள், வேலையிடத்துக் கழிப்பறைக்குள் நின்று எடுத்தாள், சாமிப் படத்துக்கு முன்னால் நின்றும் எடுத்தாள். கடைசியில் யோன் எடுத்தான். கணவாயின் உச்சியில் ஆரணி குடிகாரி போலத் தள்ளாடினாளாம். குதிரையொன்று பிடித்து, அதில் ஏற்றி, மறுபக்கம் இறக்கிக்கொண்டு வரும்போது மூச்சு நின்றதாம். கோயில் கீழே கண்ணுக்குத் தெரிந்ததாம். அவள் அங்கே போய்ச் சேரவில்லை.

துத்தநாகத்தால் மூடி ஒட்டிய பெட்டியில் அவள் வந்தாள். திறக்கக்கூடாது என்றுவிட்டார்கள். அம்மா அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை அவள்தான் எண்டு ஆர் கண்டது?" என்று கேட்டாள். அப்பாவைப் புதைக்கவும் கிடைக்காதவளுக்கு இந்த முகமும் கிடைக்கவில்லை. அழவில்லை. வீட்டுக்கு வந்து, "அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வா. அவன்தான் என்ரை பிள்ளையைக் கடைசியாக் கண்டவன்," என்றாள்.

மாமா குதித்தார். செத்த வீட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்து நின்றால், கண்டவர்கள் என்ன கதைப்பார்கள் என்றார். "எனக்கு இனிக் கதையிலை என்ன கிடக்கு?" என்றாள் அம்மா.

அச்சுக்கடையிலிருந்து சுஜாந்தி நேரே கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஓடினாள். விமான நிலையத்து ரயிலிலிருந்து இறங்கிய யோனைப் படங்களில் பார்த்ததை வைத்து அடையாளம் காண்பது கடினமாகவே இருந்தது. மூக்கின் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்துக் கறுத்திருந்தது. தன் பையை முதுகிலும் ஆரணியின் பையை நெஞ்சிலும் மாட்டியிருந்தான். சுஜாந்தி அந்தப் பைக்குக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், சனம் இடித்துக்கொண்டு போகிற இடத்திலேயே அவள் பிரெஞ்சில் கேட்டாள்.

"யோன், அம்மாவிடம் அந்தத் தலைவலியைப் பற்றிச் சொல்லாதே. இறங்கச் சொன்னதையும் படத்தைப் பற்றியும் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன்."

"நான் சொல்வதற்காகத்தான் வந்தேன்," என்றான் அவன். "அவளைக் கட்டி இழுத்தாவது இறக்கியிருக்க வேண்டும். அதை அவளுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பொய் சொல்லச் சொல்லாதே."

"நீ சொன்னால் உன் பாரம் இறங்கும். எங்கள் அம்மா அதை எங்கே கொண்டுபோய் இறக்குவாள்?"

அவன் நெஞ்சிலிருந்த பையின் வாரை இழுத்து இறுக்கினான்.

"எனக்குத் தெரிந்ததை நான் சொல்வேன்," என்றான் பிறகு. "நீ அதைத் தமிழில் எப்படிச் சொல்கிறாய் என்பது எனக்கு விளங்கப்போவதில்லை."

இது போதும் என்று சுஜாந்தி நினைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில், ரயில் பாலத்துக்கு அடியில் வரும்போதே இது போதாது என்று பட்டது. பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அம்மாவின் வாயும் காதுமாக இருந்திருக்கிறாள். விசா அலுவலகத்தில், வைத்தியரிடம், வீட்டுக்காரரிடம் எல்லாம் அவள்தான். வைத்தியர் சொன்னதை முகம் மாறாமல் பாதியாகக் குறைத்துச் சொல்லவும் பழகியிருந்தாள். ஆனால் அம்மா கேள்வி கேட்டுக்கொண்டே போனால், பொய்க்கு மேல் பொய்யாக எத்தனையை அடுக்குவது? ஒன்று சறுக்கினாலும் அம்மா மிச்ச உயிரோடு இருக்கமாட்டாள் என்று அவள் பயந்தாள்.

வீட்டுப் படிகளெல்லாம் செருப்பும் சப்பாத்துமாகக் கிடந்தன. செத்த வீட்டில் தேத்தண்ணிக்கும் ஆலோசனைக்கும் எப்போதும் குறைவில்லை. "கோயில் வாசல்லை போற சா ஆருக்குக் கிடைக்கும்? உங்கடை பிள்ளை குடுத்து வைச்சவள், ரதி அக்கா," என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சுஜாந்திக்குத் தெரியும். யோன் உள்ளே வந்தான். மாமா எழுந்து, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். குசினியில் மாமி மட்டும் நின்றாள்.

யோன் கதிரையை விட்டுவிட்டுப் பாயில், அம்மாவுக்கு முன்னால் இருந்தான். ஆரணியின் பையை மெதுவாக இறக்கிப் பக்கத்தில் வைத்தான். அம்மா அதைத் தொடவில்லை. அவனுடைய உரிந்த மூக்கையே பார்த்தாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டவள் எண்டு கேள் பிள்ளை."

உள்ளிச் சூப், பூண்டு போட்டது, என்றான் யோன். மலையில் தலைவலிக்கு அதைத்தான் கொடுப்பார்களாம். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுச் சத்தி எடுத்தாளாம்.

"உள்ளிச் சூப் குடிச்சவவாம் அம்மா. நல்ல சூடா."

"வயிறு நிறையக் குடிச்சவளோ?"

"ஓம்."

அம்மாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. குளிருக்கு என்ன போட்டிருந்தாள் என்று கேட்டாள். யோன் தன்னுடைய அங்கியையும் அவளுக்குப் போட்டுவிட்டதைச் சொன்னான். அதை மட்டும் சுஜாந்தி உள்ளபடியே சொன்னாள். அம்மா அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவன் தாங்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வருத்தம் எப்ப தொடங்கினது?"

யோன் தலையைக் குனிந்துகொண்டு நெடுகச் சொன்னான். முந்தின நாளே தொடங்கிவிட்டது, இரவு முழுதும் அவள் நித்திரை கொள்ளவில்லை, விடிய எழும்பும்போது கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள்.

"சடுதியா வந்ததாம் அம்மா. நடந்துகொண்டிருக்கேக்கை. ஒண்டும் தெரிஞ்சிருக்காதாம்."

இவ்வளவு நீளமாகச் சொன்னது தமிழில் இத்தனை சிறிதாகப் போனதை அம்மா கவனித்தாளா? அவள் சுஜாந்தியின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே, மிகவும் மெல்லிய குரலில் கேட்டாள்.

"கீழை இறங்கியிருக்கேலாதோ எண்டு கேள்."

சுஜாந்தி இதைக் கேட்காமல் வேறு ஏதாவது கேட்கலாம் என்று வாயெடுத்தாள். வரவில்லை. கேட்டாள். யோன் உடைந்துபோனான். அழுதுகொண்டே, சொல்லைத் தனித்தனியாக வைத்துச் சொன்னான். நான் இறங்கச் சொன்னேன். அவளுக்கும் இறங்கத்தான் விருப்பம். ஆனால் படம், கோயிலின் படம், அம்மா கேட்டாள், அம்மாவுக்காக, என்றாள்.

"தானே விரும்பித்தான் ஏறினவவாம் அம்மா," என்றாள் சுஜாந்தி. "கோயிலைப் பாக்க வேணுமெண்ட ஆசையாம்."

ஹோட்டல் அறைகளைத் துடைத்தும் மெத்ரோவில் இடிபட்டும் அம்மா சேர்த்த பிரெஞ்சு அதிகமில்லை. ஏறுவது இறங்குவது, திறப்பு, துவாய், மன்னிக்கவும், நாளைக்கு. 'இறங்கு' என்பதும் 'படம்' என்பதும் 'அம்மா' என்பதும் அந்தக் கொஞ்சத்துக்குள் இருந்தன.

அவள் சுஜாந்தியைப் பார்க்கவில்லை. இனி அவள் தேவையில்லை என்பதுபோல் யோனின் பக்கம் முழுதாகத் திரும்பி, கையை விரித்துத் தன் நெஞ்சில் வைத்தாள்.

"முவா?" என்று கேட்டாள். நானா?

இதில் சுஜாந்தி குறைக்கவோ மாற்றவோ ஒன்றுமில்லை. கெஞ்சுவதற்கு அவனுடைய கண்ணும் கிடைக்கவில்லை. யோன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெடித்த உதடு ஒரு தரம் திறந்து மூடியது.

"நோ, மதாம்," என்றான். பிறகு இன்னும் உறுதியாக, "நோ. நோ."

அம்மா அவனுடைய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. நெஞ்சில் இருந்த கை அப்படியே இருந்தது. பிறகு அவள், கடைத்தெருவில் யாராவது நலம் விசாரித்தால் ஆட்டுவதுபோல், தலையை மெதுவாக ஆட்டினாள்.

"என்னவாம்? என்ன கேட்டனீங்கள் மச்சாள்?" என்று குசினியிலிருந்து மாமி எட்டிப் பார்த்தாள்.

சுஜாந்தி வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான். பாவம், பெடியன் அவ்வளவு தூரத்திலை இருந்து வந்தது."

மாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். யோன் அதை இரண்டு கையாலும் வாங்கி, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தான்.