கரண்டிக்காரியின் மாநிறம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, தபால் நிலையத்தின் மூன்றாவது கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஜோக் ஓவியரின் மனைவிக்கு வலது மணிக்கட்டிலிருந்து நிறம் ஒழுக ஆரம்பித்தது. ரத்தம் இல்லை, காயம் இல்லை, வலியும் இல்லை. அவளுடைய மாநிறம்தான், பால் குறைவாக விட்ட தேநீர் போல, சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுந்து பதிவுத் தபால் உறைகளுக்கு அடியில் ஓடியது. வரிசையில் முதலில் நின்றவர் "மேடம், என் கவர் நனையுது பாருங்க" என்றார். "தெரியுதுங்க. எங்கேர்ந்து வருதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முத்திரை குத்தினாள். அன்று அந்தக் கவுண்டரில் வாங்கிய நாற்பத்தொரு உறைகளும் ஓரம் பழுத்துத்தான் போய்ச் சேர்ந்தன. இரண்டு பேர் மட்டும் புகார் எழுதினார்கள். சாயங்காலம் தரையைத் துடைக்க வந்த அம்மா, இது சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் வேண்டும் என்று சொல்லி வாங்கப் போனாள். அதற்குள் மனைவியின் வலது கை விரல்கள் ஐந்தும் வெள்ளைத்தாள் மாதிரி ஆகியிருந்தன.

ஓவியர் எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இருந்தவர் இல்லை. வாரப் பத்திரிகை ஒன்றின் ஜோக் பக்கத்துக்கு வீட்டிலிருந்தே படம் போட்டுக் கொடுத்தார். வாசகர்கள் தபால் அட்டையில் எழுதி அனுப்பும் இரண்டு வரி ஜோக்குகளை ஆசிரியர் பொறுக்கி அனுப்புவார். டாக்டர் ஜோக், திருடன் ஜோக், மேனேஜர் ஜோக் என்று எது வந்தாலும் அநேகமாக வாரத்துக்கு ஒன்று புருஷன் பொண்டாட்டி ஜோக்காக இருக்கும். கல்யாணமான ஏழாம் நாள் அப்படி ஒன்றுக்குக் கை எப்படி வரும் என்று தெரியாமல், சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டு, கரண்டியை ஓங்கியபடி நிற்கச் சொன்னார். அவள் சிரிப்பு தாங்காமல் மூன்று தடவை கரண்டியைக் கீழே போட்டாள். அவர் வரைந்தது சிரிப்பை இல்லை. ஆசிரியருக்குப் படம் பிடித்துவிட்டது. "இந்தம்மாவையே வச்சுக்குங்க ஓவியரே. வாரா வாரம் ஒரு சுத்து குண்டாக்கிக்கிட்டே போங்க" என்றார். இருபத்திரண்டு வருடம் அப்படியே நடந்தது. ஓங்கிய கரண்டி, பிளந்த வாய், தலையில் பந்து மாதிரி புடைப்போடு ஓடும் புருஷன். நிஜத்தில் அவள் ஒல்லி, பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது, அதுவரை யாரையும் அடித்ததில்லை. ஆனால் முகம் அவள் முகம். தெருவில் கரண்டிக்காரி என்றார்கள். தபால் நிலையத்துக்கு வருகிறவர்கள் "சார் இன்னைக்கு வாங்கினாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் தபால்தலை கேட்டார்கள். மகள் இரண்டு தடவை பள்ளிக்கூடம் மாறினாள்.

காரணம் அந்தச் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. பழைய ஜோக்குகளுக்கெல்லாம் கலர் கொடுத்து மறுபடி போடலாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஓவியர் முதல் வருடத்துப் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கரண்டிக்காரியின் முகத்தில் பழுப்பை ஊற்றினார். கோடு எங்கேயும் விடுபடாமல் மூடியிருந்தால்தான் ஊற்றின கலர் உள்ளேயே நிற்கும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஓடிவிடும். பழுப்பு முகத்தை நிறைத்து, கழுத்து வழியாக இறங்கி, கை வழியாகப் போய், மணிக்கட்டில் இருந்த இடைவெளியால் வெளியேறிப் பக்கம் முழுவதும் பரவியது. அவர் அவசரத்தில் எப்போதும் முதலில் முஷ்டியைப் போடுவார், பிறகு கரண்டியைச் சொருகுவார், அந்த இடத்தில் கோட்டை மூடாமலே விட்டுவிடுவார். கறுப்பு வெள்ளையில் அது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பொத்தானை அழுத்திக் கலரைத் திரும்ப எடுத்தார். நேரம் பதினொன்று பத்து. கம்ப்யூட்டரில் மட்டும் கலர் திரும்பி வந்துவிட்டது.

டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "ரத்தம், சர்க்கரை எல்லாம் சரியா இருக்கும்மா. கலர் மட்டும்தான் போகுது. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றார். முழுசும் போய்விட்டால் ஆள் இருப்பாளா என்று ஓவியர் கேட்டதற்கு டாக்டர் மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாளிலிருந்து ஓவியர் மெல்லிய பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு கோடுகளை மூடக் கிளம்பினார். கரண்டிப் படங்கள் மொத்தம் தொள்ளாயிரத்துச் சொச்சம். கொடுத்த படத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை, அதனால் அச்சான பிரதிகளைத்தான் தேட வேண்டியிருந்தது. ஒரு படத்தை ஏதாவது ஒரு பிரதியில் மூடினாலே கணக்கில் சேர்ந்தது. பல் டாக்டரின் காத்திருப்பு அறை, முடிவெட்டும் கடை, நூலகத்தின் பைண்டு வால்யூம்கள், பழைய பேப்பர் கடையின் கட்டுகள் என்று ஒன்று விடாமல் உட்கார்ந்தார். முடிவெட்டும் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், மீசை வரையறீங்களா?" என்றார்.

"இல்லப்பா. ஒரு கோடு விட்டுப்போச்சு."

"இருபது வருஷம் கழிச்சா ஞாபகம் வந்துச்சு?"

நாலு மாதத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களை மூடினார். ஒழுகுவது மட்டுப்பட்டு, நாளைக்கு நாலைந்து சொட்டு என்று ஆனது. ஆனால் முந்நூறாவது படம் மூடிய வாரத்தில் மனைவிக்கு வலது கை சுண்டுவிரல் நிமிரவில்லை. ஐந்நூறில் முஷ்டியே இறுகிவிட்டது. நடுவில் ஒரு கரண்டிக்காம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை. இடது கையால் முத்திரை குத்தப் பழகினாள். அப்புறம் கை தோளுக்கு மேல் போய் நின்றது, பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் குரல். "அடுத்தவங்க வாங்க" என்று அவள் சொன்னது தபால் நிலையத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடம் வரை கேட்டது. வரிசை இரண்டடி பின்னால் நகர்ந்தது. "நான் கத்தலைங்க" என்று கத்தினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் மேஜைக்கு எதிரில் நின்றாள். எப்போதும் சன்னமாகப் பேசுகிறவள் பேசியதைப் பக்கத்து மூன்று வீடுகளும் கேட்டன. அதனால்தான் இது தெரியும்.

"போதும். இனி ஒண்ணையும் மூடாதீங்க."

"இன்னும் முந்நூறுதான் இருக்கு. அதையும் முடிச்சுட்டா நின்னுடும்."

"எது நிக்கும்? நான் அவளாயிடுவேன். கைய பாருங்க, கரண்டி ஒண்ணுதான் பாக்கி."

"விட்டா வெளுத்துடுவ. முழுசா வெளுத்தா என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியல."

"வெளுத்துட்டுப் போறேன். எனக்கு அவளைப் பிடிக்காதுங்க. மொதல் வாரத்துலேர்ந்தே பிடிக்காது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டிருப்பீங்களா?"

அவர் கேட்டதில்லை. வாசகர்கள் சிரிக்கிறார்களா என்று ஆசிரியரிடம் வாராவாரம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் பேனாவுக்குப் பதிலாகப் பிளேடு எடுத்துக்கொண்டு போனார். மை பிசகினால் தாளைச் சுரண்டித் திருத்துவது ஓவியர்களுக்குப் பழக்கம்தான். அதே நூலகம், அதே பல் டாக்டர், அதே கட்டுகள். முடிவெட்டுகிறவர் "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு, அவருக்கென்று ஒரு நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டையும் சுரண்டித் திறக்க ஐந்து வாரம் ஆனது. கை இறங்கியது, முஷ்டி விரிந்தது, குரல் பழையபடி பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்டது. அடுத்த பதினோரு நாளில் தலைமுடி உட்பட மிச்சமிருந்த நிறம் மொத்தமும் வடிந்தது. கடைசியாகப் போனது கீழுதட்டின் உட்புறம். அது ஒரு வியாழக்கிழமை. அவள் சாகவில்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் உடுப்பு மட்டும் தெரியும். இனிமேல் கரண்டிப் படம் போட மாட்டேன் என்று ஓவியர் சொன்னபோது ஆசிரியர், "பொண்டாட்டி இல்லாம ஜோக் பக்கமா?" என்று கேட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். ஓவியர் இப்போது கடை திறப்பு விழாக்களில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் முகம் வரைந்து கொடுக்கிறார். எப்படி வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார். அதனால் பலர் வரிசையை விட்டுப் போய்விடுகிறார்கள்.

தபால் நிலையத்தில், கவுண்டரில் ஆளே இல்லை என்று மூன்று புகார்கள் வந்த பிறகு, மேலதிகாரி எப்படியாவது தெரிகிற மாதிரி வரச் சொன்னார். அதிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு ஓவியர் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தூரிகையால் பூசுகிறார். முதல் நாள் கலரைக் குழைத்துவிட்டு அப்படியே நின்றார். இருபத்திரண்டு வருடம் கறுப்பு மையிலேயே வரைந்தவருக்கு அவள் என்ன நிறம் என்பது நினைவில் இல்லை. "மஞ்சள கொறைங்க. இன்னும் கொஞ்சம். ம், மூக்குக்கிட்ட இதவிட கருப்பு" என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். முகமும் கையும் முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். மழை நாளில் லீவு போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூச விடுவதில்லை. அன்று அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், உட்காருவதற்கு முன்னால், நாற்காலியில் கிடப்பது வெறும் புடவைதானா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்காருகிறார்கள்.