பரணுக்குக் கீழே ஒரு ஜெபம்

அப்பாவின் தாடையைத் துணியால் கட்டி உச்சியில் முடிச்சுப் போடும்போது, கசில்தாவுக்குத் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. முடிச்சைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். சத்தம் அடுத்த சந்துக்குள் திரும்பியது.

ராணுவம் ஸ்பெயினின் சரகோசா நகரைப் பிடித்து ஐந்து நாளாகியிருந்தது. டிராம், ஆலைகள், ரொட்டி அடுப்புகள் எல்லாம் வேலைநிறுத்தத்தில் நின்றன. பாதிரியார்களை ஒதுக்கிவைத்த ரொட்டித் தொழிலாளர் சங்கத்தை இருபது வருஷம் சுமந்த அவள் அப்பா எவுசேபியோ, மாவுத்தூசி அரித்த நுரையீரலோடு காலையில் படுக்கையிலேயே போய்விட்டார். அவருக்குப் பின் சங்கத்துக்கு வந்த மகன் ஃபெர்மின், ராணுவம் தேடுவதால் பரணில் பலகைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தான்.

"ஃபாதரைக் கூப்பிட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு ப்ரூனா.

"கூப்பிடக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்காருக்கா."

"செத்தவருக்கு என்னடி பயம். ஜெபம் இல்லாம பெட்டி வெளிய போச்சுன்னா, இது எந்தக் கட்சி வீடுன்னு முக்குல நிக்கிற சிப்பாய்க்குத் தெரிஞ்சிடும். அப்புறம் மேல ஏறிப் பாப்பான்."

ப்ரூனா தரையைப் பார்த்தபடிதான் சொன்னாள். ஃபெர்மின் மேலே இருப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது? கசில்தா கோயிலுக்குப் போனாள்.

அப்பாவைப் பெட்டியில் கிடத்தியதும், பாதிரியாரோடு ஒரு சிப்பாயும் வந்து வாசலில் நின்றான்.

"கடைசியில பாவமன்னிப்பு கேட்டாராம்மா?"

"கேட்டாரு ஃபாதர்."

"எவுசேபியோவா?"

அவள் அப்பாவின் தாடைக்கட்டைச் சரிசெய்தாள். அவரும் மறுபடி கேட்காமல் புத்தகத்தைத் திறந்தார்.

அந்த வீட்டில் யாரும் அவளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததில்லை. சும்மா உதட்டை அசைத்தாள். சிப்பாய் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பரண் பலகை கிறீச்சிட்டது. சிப்பாய் அண்ணாந்தான். முணுமுணுத்துக்கொண்டிருந்த பாதிரியார் குரலை உயர்த்தி, ஓடுகள் அதிர வாசித்தார்.

முடிவில் சிப்பாய் சிலுவை போட்டுக்கொண்டான். கசில்தா அவன் கையைப் பார்த்து அப்படியே செய்தாள். நெற்றி, மார்பு, தோள். எதிரே நின்றதால், இடத்தோளைத் தொட வேண்டிய இடத்தில் அவளுக்கு வலத்தோள் முதலில் வந்துவிட்டது. சிப்பாயின் பார்வை அவள் கையில் நின்றது.

பாதிரியார் புத்தகத்தை மூடி, இருவருக்கும் நடுவில் வந்தார்.

"வெயில் ஏறுது, பெட்டியைத் தூக்கணும். ஆள் பத்தாது. நீ கால்பக்கம் பிடிப்பா," என்றார் சிப்பாயிடம்.

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, எவுசேபியோவின் கால்மாட்டில் குனிந்தான்.