கிழக்குச் சுவரின் உறவுக்காரர்கள்

அரசு ஆஸ்பத்திரியின் கிழக்குச் சுவருக்கு நடுக்குவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நிலம் அசையவில்லை, பக்கத்துக் கட்டடங்கள் ஒழுங்காகத்தான் நின்றன, சுவர் மட்டும் நடுங்கியது. சீட்டு வாங்கும் வரிசையில் நின்று கால் கடுத்துப்போன கொத்தனார் அதில் சாய்ந்து வலது உள்ளங்கையை ஊன்றியிருந்தார். அவர் கையில் பல வருஷமாகக் குடியிருந்த நடுக்கம் மணிக்கட்டு வழியாக இறங்கிச் சுவருக்குள் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. கை கழுவச் சொல்லி மாட்டியிருந்த படம் கீழே விழுந்தது. கொத்தனாரின் கை, மட்டம் பார்த்து வைத்த செங்கல் மாதிரி அசையாமல் இருந்தது. அந்தச் சுவரை வாலிப வயதில் கட்டியவரே அவர்தான் என்பதால், வரிசையில் நின்றவர்கள் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் இடம் பறிபோகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கொத்தனாரின் சம்சாரம் ஒரு காலத்தில் அவரிடமே சித்தாளாக இருந்து செங்கல் சுமந்தவள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் எல்லாருக்கும் அவள் சித்தாளம்மாதான். நரம்பு டாக்டர் தலைநகரத்தில் மட்டும் இருந்தார். பஸ்ஸில் ஒரு முழுப் பகல். கொத்தனாருக்கோ வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், தள்ளினாலும் நகராது. சித்தாளம்மா சுவர் கட்டும் நூலை எடுத்து அவர் காலுக்கு முன்னால் இழுத்துப் பிடிப்பாள். நூலைக் கண்டால் கால் தானாகத் தாண்டிவிடும். அப்படியே படிக்குப் படி நூல் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மாடி ஏற்றிக் கொண்டுபோனால் டாக்டர் லீவில் இருப்பார். அடுத்த முறை டாக்டர் இருப்பார், மாத்திரை இருக்காது. மாத்திரை ஒரு வேளை தவறினால் கொத்தனார் மரக்கட்டை. தண்ணீர்கூட ஊட்டித்தான் விட வேண்டும்.

அவள் கேட்டது இரண்டே இரண்டு. இந்த ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் நரம்பு டாக்டர் வர வேண்டும், இங்கேயே மாத்திரை கிடைக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ள தையல்காரியும், வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பழைய கண்டக்டரும் கூடச் சேர்ந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், கைநாட்டு வாங்கினார்கள், மாவட்ட அலுவலகப் படிக்கட்டில் தட்டியோடு உட்கார்ந்தார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதிகாரிகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. இவர்கள் பரிசீலித்த காலத்தில் ஒரு ஆள் தனியாகச் செங்கல் சுமந்திருந்தால்கூட மூன்று மாடி எழும்பியிருக்கும்.

சுவர் நடுங்கியதும் சங்கதி பரவியது. தையல்காரி சாய்ந்தாள், அவளுக்கு வரவிருந்த வலிப்பு சுவருக்கு வந்தது, பூச்சு நுரை மாதிரி உதிர்ந்தது. கண்டக்டர் சாய்ந்தார், அவர் வாய் நேரானது, ஜன்னல் ஒன்று கோணிக்கொண்டது. ஆனால் சுவரை விட்டு வெளி கேட்டைத் தாண்டுவதற்குள் அவரவர் வியாதி அவரவரிடம் திரும்பி வந்துவிடும். சுகாதார இலாகா உடனே நடவடிக்கை எடுத்தது. சுவரில் 'நரம்பியல் பிரிவு' என்று பலகை அடித்து, கீழே ஒரு பெஞ்சு போட்டு, டோக்கன் கொடுத்தது. சிகிச்சை வசதி ஏற்பட்டுவிட்டதால் டாக்டர் கேட்ட மனு முடித்துவைக்கப்பட்டதாகச் சித்தாளம்மாவுக்குக் கடிதம் வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு அவள் மாவட்ட அதிகாரி அறைக்குள் நேராகப் போனாள்.

"அதான் சுவர் இருக்கேம்மா. இன்னும் என்ன?"

"வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா சார் அதை? ராத்திரி அவரு புரண்டு படுக்கணும்னா சுவரையா கூப்பிடறது?"

"நாலு பேருக்கு உதவுது. எதுக்கெடுத்தாலும் குறை சொன்னா எப்படி?"

"மாத்திரை எழுதிக் கொடுக்குமா சார் சுவரு?"

அதிகாரி யோசித்தார். "கொடுக்குமான்னு கேட்டு மேலிடத்துக்கு எழுதறேன்" என்றார். நிஜமாகவே எழுதினார். அதுவும் பரிசீலனைக்குப் போனது.

எத்தனை பேரைத்தான் ஒரு சுவர் தாங்கும்? மழைக்காலம் முடிவதற்குள் வெடிப்பு விட்டது. அதிலிருந்த கதவு சில நாள் பாதியில் நின்று, கொத்தனாரின் கால் மாதிரியே, திறக்கவும் மாட்டேன் மூடவும் மாட்டேன் என்றது. இலாகா ஆட்கள் கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். முட்டுகளும் சேர்ந்து நடுங்கின. இன்ஜினியர் வந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், குண்டு ஊஞ்சலாடியது. அஸ்திவாரம் நன்றாக இருக்கிறது, கலவை நன்றாக இருக்கிறது, இது நரம்புக் கோளாறு, என் வேலை இல்லை, அரசாங்கச் சொத்து வீணாவதற்குள் நரம்பு டாக்டரை அனுப்புங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டாக்டர், மாத்திரை, முட்டியைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல், எல்லாம் கட்டடப் பராமரிப்புக் கணக்கில்.

சித்தாளம்மா அன்றைக்குத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. "மனுசன் விழுந்தா மனு. சுவரு விழுந்தா டாக்டரா?" என்பது அதில் அச்சுக்கு ஏற்ற பகுதி. தையல்காரிதான் அடக்கினாள். "விடுக்கா. எந்த வழியா வந்தா என்ன, டாக்டர் வந்தாச்சில்ல. உள்ள நுழையற வழியைப் பாரு."

உத்தரவுப்படி டாக்டர் சுவரை மட்டும்தான் பார்க்கலாம். நோயாளியின் உறவினர்கள் கூட வரலாம் என்ற பழைய விதியை யாரும் ரத்து செய்யவில்லை. டாக்டரம்மா சுவரைச் சுத்தியலால் தட்டி, காது வைத்துக் கேட்டுவிட்டு, உறவினர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது, இது பரம்பரை வியாதியாக இருக்கலாம் என்றார். வாசலில் குமாஸ்தா ஒவ்வொருவரிடமும் சுவருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதினார். தையல்காரி சித்தி ஆனாள். கண்டக்டர் இழுத்து இழுத்துத் தாய்மாமன் என்றார். கொத்தனார் வாசற்படியில் ஒட்டி நின்றார்; சித்தாளம்மா குனிந்து நூல் பிடித்தாள்; தாண்டி உள்ளே வந்தார்.

"கட்டினவன் நான்தான். அப்பன்னு போட்டுக்குங்க" என்றார், மெல்லிய குரலில்.

குமாஸ்தா நிமிராமல், "அப்போ இந்தம்மா?" என்றார்.

"இன்னும் என்னத்த கேக்கறீங்க? எழுதுங்க" என்றாள் சித்தாளம்மா.

அன்றிலிருந்து மாத்திரை சுவரின் பெயரில் வருகிறது, உறவினர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கொத்தனார் இப்போது தம்ளரைத் தானே பிடிக்கிறார், பாதிதான் சிந்துகிறது. சுவரின் பங்கைப் பொடித்துச் சாந்தில் குழைத்து, வெடிப்பில் அவரே பூசுகிறார். இப்போது யாரும் அதன் மேல் சாய்வதில்லை. டாக்டர் வரத் தாமதமாகும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஜன்னல் கண்ணாடிகள் லேசாகக் கடகடக்கும். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் யாரோ, அதைத் தட்டிக் கொடுத்து, "இரு, வந்துடுவாங்க" என்பார்.