டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டி

நல்லகண்ணு டிவி மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, அங்கே மாட்டியிருந்த கறுப்பு ஒயரை வெடுக்கென்று பிடுங்கினான். அந்த இடத்தில் ஐஸ் பெட்டியின் ஒயரைச் சொருகியதும் பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"ஓடிருச்சுண்ணே" என்றான், அண்ணனின் முகத்தைப் பார்க்காமல்.

முத்துப்பாண்டி தலையை ஆட்டினான். பெட்டியின் கண்ணாடிக்குள் அவன் மனைவி யுவராணி படுத்திருந்தாள். கம்பத்தில் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நேற்று மதியம் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்துவிட்டாள். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது. தலை வலிக்கிறது என்றுகூட அவள் சொன்னதில்லை. இல்லை, சொன்னாளா? போன வாரம் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. அவன் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று என்னவோ சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்ன சொன்னாள் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

திருப்பூரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்ததும் நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பந்தலுக்குக் கீழே ஜீப் டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோம்பையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவர்கள். முத்துப்பாண்டியும் பதினைந்து வருடமாக அந்தத் தொழில்தான்.

இரண்டு மணிக்குக் கம்பம்மெட்டுப் பக்கம் மலை கறுத்தது. அவன் சட்டைப் பையில் இருந்த யுவராணியின் போன் அடித்தது. காலையிலிருந்து அடித்துக்கொண்டுதான் இருந்தது. யாராவது துக்கம் கேட்கிறார்களாக்கும் என்று எடுத்தான்.

"அக்கா, பேஜு தொறக்க மாட்டேங்குதே" என்றது ஒரு பெண் குரல்.

"யாரும்மா?"

ஆண் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி அதே நம்பர்.

"அக்காட்ட குடுங்கண்ணே. அவசரம்."

"அவ இல்லம்மா."

"எங்கன போயிருக்காக?"

அவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். மொக்கம்மாள் பெரியம்மா பெட்டியின் மேல் படர்ந்த பனித்துளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு? என்னா வேணும்?"

"நான் சங்கிலியம்மாண்ணே. மேல தோட்டத்துல நிக்கிறோம், பதினாறு பேரு. மழைண்டு வேலைய நிப்பாட்டிட்டாக. ஒத்த ஜீப்பு நிக்கிது, பூராப் பேரும் ஏறுங்கன்றான். இத விட்டா வேற வண்டி இருக்காண்டு பேஜுலதான் பாப்போம். காலைல இருந்து வரவே இல்ல. அக்காட்ட சொன்னா சரி பண்ணிருவாக."

"எந்தப் பேஜு?"

மறுமுனையில் மழை இரைச்சலுக்கு நடுவே "நீங்க டிரைவருங்களாண்ணே?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துபோனது.

எந்தப் பேஜ் என்று அவனுக்குத் தெரியும். வேறு எந்தப் பேஜ் இருக்கிறது? ஒன்றரை வருடமாக டிரைவர்கள் எல்லாம் சாபமிடுகிற பேஜ். எந்த ஜீப் எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்புகிறது, எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், எந்த டிரைவர் அடைத்து ஏற்றுகிறார் என்று பெண்கள் போனிலேயே எழுதிவிடுவார்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் அந்த வண்டி நம்பர் சிவப்பாகிவிடும். சிவப்பு நம்பரைக் கண்டால் பெண்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். யார் நடத்துகிறார்கள் என்று எந்தப் பெண்ணும் வாயைத் திறந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவனுடைய நம்பரும் சிவப்பானது. அன்று ராத்திரி சாப்பிடும்போது, "எவனோ வேல வெட்டி இல்லாதவன் உக்காந்துக்கிட்டு நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போடுறான், அவன் வெளங்கவா போறான்" என்று ஆத்திரம் தீரத் திட்டினான். யுவராணி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இன்னொண்ணு வைக்கவா?" என்று கேட்டாள்.

அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

பால்பாண்டி டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருவரும் ஒன்றாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். ஏதாவது பேசி நண்பனின் மனதைத் திருப்ப வேண்டும் என்று நினைத்தான் போல. "ஒரு சங்கதி தெரியுமா மாப்ள? அந்தப் பேஜு இன்னைக்குக் காலைல இருந்து செத்துக் கெடக்கு" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

முத்துப்பாண்டி எழுந்து உள்ளே போனான். டிவி மேசைக்குப் பின்னால், பிடுங்கிப் போட்ட ஒயரைப் பிடித்து இழுத்தான். மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா வந்தது. மூடியில் சூட்டுக்கோல் வைத்த மாதிரி வரிசையாக ஓட்டைகள். திறந்தால் உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. இன்டர்நெட் பெட்டிக்கு உள்ள ஏதோ சாமான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். மேசையைத் துடைக்கும்போதெல்லாம் அவள் இதை எடுத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறான்.

ஜெபஷீலா மூன்று மணிக்கு வந்தாள். கம்பத்துப் பிரவுசிங் சென்டர் அவளுடையது. யுவராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேனி வரை ஆம்புலன்சில் போனவள் அவள்தான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று உதட்டுக்குள் ஜெபம் செய்தாள். திரும்பியபோது அவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது என்னாம்மா?"

அவள் டப்பாவையும் ஐஸ் பெட்டியின் ஒயரையும் பார்த்தாள். "புடுங்கிட்டாகளா? அதான் வரலையா" என்றாள் மெதுவாக. பிறகு, "சர்வருண்ணே" என்றாள்.

"அப்படிண்டா?"

"பேஜு இதுக்குள்ளதான் இருக்கு. யாரு எங்கன இருந்து போன்ல தொறந்தாலும் இங்கன வந்துதான் எடுத்துட்டுப் போகும்."

"என் வீட்டுக்கு வந்தா?"

"ஆமாண்ணே."

அவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றரை வருடமாக அந்த மலையில் இருந்தவர்களெல்லாம் அவனுடைய டிவிக்குப் பின்னால் வந்து போயிருக்கிறார்கள். அவன் இந்தப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து கபடி பார்த்திருக்கிறான்.

ஜெபஷீலா அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். "மொதல்ல இதுக்குள்ள போட்டது ரொம்பக் கனமான சர்வர் புரோகிராமுண்ணே. இந்தத் தம்மாத்துண்டுப் பலகை அதத் தாங்கல. நாலு பேரு சேந்தாப்புல பாத்தா மூச்சு முட்டி நின்னுரும். அக்கா வீடியோ பாத்துப் பாத்து, அத எடுத்துட்டு லேசானது ஒண்ணப் போட்டாக. வேண்டாததப் பூராக் கழிச்சாக. படம் கெடையாது, அலங்காரம் கெடையாது, வெறும் எழுத்து. மலை மேல ஒத்தக் கோடு சிக்னல்லயும் தொறக்கணும்ண்டு ஒரே பிடிவாதம். அது தொறந்த அன்னைக்கு எனக்கு அல்வா வாங்கிக் குடுத்தாக."

அல்வா. அவனுக்கும் ஒருநாள் அல்வா வந்தது. எதுக்குடி என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றாள்.

"மேல பதினாறு பேரு நிக்கிறாகளாம்" என்றான். "போன் வந்துச்சு."

ஜெபஷீலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவே போட்ரலாம்ணே. ஆனா ஒங்க வீடு. நீங்க சொல்லணும்."

வாசலில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். அவன் பந்தல்காரரிடம் போய் நீளமான ஒயர் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக மின்சாரம் இழுத்து வந்தான். அண்ணன் எதற்கு இப்படி அலைகிறான் என்று புரியாமல் நல்லகண்ணு பின்னாலேயே வந்தான்.

பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேஜ் வரவில்லை.

"கரண்டு குடுத்தா மட்டும் பத்தாதுண்ணே. உள்ள போயி எழுப்பி விடணும். டிவியில மாட்டித்தான் பாக்கணும்."

எழவு வீட்டில் டிவி ஒளிர்ந்தது. ஒப்பாரி பாதியில் நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின.

"ஏத்தா, பொணத்த வச்சுக்கிட்டு டிவியப் போடுறா ஒருத்தி, கேக்க நாதி இல்லையா?" என்று மொக்கம்மாள் எழுந்தாள்.

"அவ வேலதான் பெரியாத்தா" என்றான் முத்துப்பாண்டி. "பாதியில நிக்கிது. முடிக்கட்டும்."

ஜெபஷீலா டிவிக்கு அடியில் கிடந்த கீபோர்டை மாட்டிவிட்டு, யுவராணியின் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். அவன் எட்டிப் பார்த்தான். மனைவியின் குண்டுக் கையெழுத்து. 'பழைய சர்வரை நீக்கியாயிற்று. லேசானதைப் போட்டாயிற்று. நினைவகம் பாதிக்கு மேல் மிச்சம்.' பக்கம் பக்கமாக இப்படியே. கடைசியாக எழுதிய பக்கத்தில் ஒரு வரிதான் இருந்தது. 'கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்.'

இன்று வெள்ளிக்கிழமை.

ஜெபஷீலா தட்டச்சு செய்தாள். திரை ஒருகணம் சும்மா இருந்தது. பிறகு அவள் தன் போனைத் திறந்து அவனிடம் நீட்டினாள். வண்டி நம்பர்கள் வரிசையாக வந்து நின்றன. இரண்டு நிமிடத்தில் மலையிலிருந்து புது வரிகள் வந்தன: இறங்கும் வண்டிகள் மூன்று. ஒன்றில் ஒன்பது இடம் காலி. அதற்கும் கீழே, பழைய வரிசையில் சிவப்பாக அவனுடைய நம்பர். 'பதினெட்டுப் பேர். சொன்னால் கேட்பதில்லை.'

"இத யாரு போட்டா?"

"பொம்பளைக எழுதுவாக. சரிதானாண்டு விசாரிச்சுட்டு அக்கா ஏத்துவாக."

"என் நம்பர ஏத்தும்போது என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. ஏத்திட்டு, வா டீ குடிப்போம்ண்டாக."

"எம்மேல கோவமாம்மா அவளுக்கு?"

ஜெபஷீலா யோசித்தாள். பொய் சொல்ல வருகிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. "தெரியலண்ணே" என்றாள்.

வெளியே கொட்டுச் சத்தம் தொடங்கியது. திருப்பூர் மச்சான் வந்துவிட்டார். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வர, நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். அவன் நகர்ந்தபோது ஜெபஷீலா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா எறந்துட்டாகண்டு பேஜுல போடவாண்ணே? தினமும் பேசுறவுக. ஆனா பேரப் போட்டா டிரைவருகளுக்கும் தெரிஞ்சிரும். ஒங்களுக்குத்தான் சங்கடம்."

அவன் வாசலைப் பார்த்தான். பால்பாண்டி பாடையில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் முதல் ஆளாகத் தோள் கொடுக்கப் போகிறவன். இந்த ஊரில் நாளைக்கும் அவனோடுதான் வண்டி ஓட்ட வேண்டும்.

"போடு" என்றான். "ஊர் பேரும் போடு."

சுடுகாட்டில் தூறல் விழுந்தது. முகத்தில் கடைசி வறட்டியை வைக்கும்போது முத்துப்பாண்டிக்கு அவள் வாசலில் நின்று சொன்னது நினைவுக்கு வருவது போல இருந்தது. வரவில்லை. கொள்ளி வைத்துத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வேப்பமரத்துக்கடியில் டிரைவர்கள் நின்றார்கள். பால்பாண்டி போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். படித்துவிட்டு நிமிர்ந்தான். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பால்பாண்டியின் உதடு அசைந்தது. பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முத்துப்பாண்டியின் கையில் திணித்துவிட்டுத் தன் வண்டியை நோக்கி நடந்தான்.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். தெருவில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். தலையில் துண்டு, தோளில் சாப்பாட்டுப் பை, முழங்கால் வரை செம்மண். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யுவராணியக்கா வீடு இதுங்களாண்ணே?" என்றாள் முன்னால் நின்றவள். குரலில் அடையாளம் தெரிந்தது. சங்கிலியம்மாள். "ரெண்டு வண்டியாப் பிரிஞ்சு எறங்கி வந்தோம். வார வழியிலதான் பாத்தோம். எடுத்துட்டாகளா?"

"இப்பத்தாம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஒருத்தி விசும்பினாள். சங்கிலியம்மாள் சொன்னாள்: "நாங்க ஒருத்தரும் அக்காவப் பாத்ததில்லண்ணே. பேச்சோட சரி. போட்டோ இருந்தா ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றோம்."

மாலை போடும் படத்தை இன்னும் பிரேம் போட்டு வாங்கவில்லை. அவள் போனை எப்படித் திறப்பது என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே போய் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு இடையில் தேடி, கடைசியில் அவளுடைய வாக்காளர் அட்டையை எடுத்து வந்தான். பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று எடுத்த படம். கலைந்த தலையும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிமிர்ந்து பார்த்த முகமுமாக இருந்தாள்.

சங்கிலியம்மாள் ஏலக்கறை படிந்த விரல்களை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினாள். பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அவளும் துடைத்துவிட்டு வாங்கினாள்.